ஒரே ஒரு தடவை கூப்பிட்டான்

ஓடி முடித்த ஹார்ட் டிஸ்க்கைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். கரண்டில் ஓடுகிற எந்தச் சாமானும் சூடாகத்தானே செய்யும். ஆனால் கொஞ்ச நாள் முன்புவரை, தினமும் சாயங்காலம் நான் லேப்டாப்பிலிருந்து கம்பியைக் கழற்றியதும், அம்மா அந்தக் கறுப்புப் பெட்டியைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டி. அதன்மேல் கையை வைத்து, சூடு முழுக்க அடங்கும்வரை, காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் உட்கார்ந்திருப்பாள். பிறகு அண்ணனுடைய பழைய துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைப்பாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததை பேக்கப் எடுக்க ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன், அவ்வளவுதான். அதோடு சேர்த்து வீட்டுக்குள் வேறு எதைக் கொண்டுவந்தேன் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியவில்லை.

நானும் அண்ணனும் பொன்முடிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றின் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவர்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து கொழுந்து பறிக்க மலையேறிய குடும்பம். அங்கே மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்து வரிசையில் நிற்கிற ஆள்கூடத் தெரியாது. குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு எங்கள் லயத்தில் ஒரு சட்டம் இருந்தது. யாராவது கூப்பிட்டால் முதல் தடவைக்குப் பதில் சொல்லக் கூடாது. உயிரோடு இருக்கிற ஆள் இரண்டு தடவை கூப்பிடுவார். செத்தவர்களால் ஒரு தடவைதான் கூப்பிட முடியும். அதற்குப் பதில் சொல்லிவிட்டால் அந்தக் குரல் வந்த வழியிலேயே நம்மையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அம்மா சிறுபிள்ளையாக இருந்தபோது, கூடக் கொழுந்து பறித்த ஒருத்தி பட்டப்பகலில், பனிக்குள் நின்றபடி, "இந்தா வாறேன்" என்றாளாம். கூடையை இறக்கி வைத்துவிட்டு நடந்தாளாம். பனி விலகியபோது கூடை மட்டும் இருந்தது. அம்மா இதைச் சொல்லும்போது ஒன்றை மறக்காமல் சேர்த்துச் சொல்வாள். சுற்றி நின்ற ஒருத்தருக்கும் கூப்பிட்ட குரல் கேட்கவில்லை, அவள் சொன்ன பதில் மட்டும்தான் கேட்டது. அந்த இடத்தில் எங்கள் இருவருக்கும் முதுகு சில்லிட்டுப் போகும்.

அதனால் எங்கள் ஆட்கள் எல்லாரும் இரட்டைக் குரல்காரர்கள். அண்ணன் என்னை "பாப்பா… பாப்பா" என்றுதான் கூப்பிடுவான், நான் முன்னாலேயே நின்றாலும். கல்லூரிக்கு வந்த புதிதில் தோழிகள் ஒரு தடவை கூப்பிட்டு, நான் திரும்பாததைப் பார்த்து, பெரிய தலைக்கனம் பிடித்தவள் என்று பேர் வைத்தார்கள். தலைக்கனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முதல் அழைப்புக்கு என் நாக்கு தானாகவே மடங்கிக்கொள்ளும். பழக்கம் அப்படி.

அப்பா இறந்து, எஸ்டேட்டில் வேலையும் குறைந்தபோது அண்ணன் முதலில் மலையிறங்கினான். திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். எனக்குக் கம்ப்யூட்டர் படிப்பில் இடம் கிடைத்ததும் எங்கிருந்தோ ஒரு பழைய டெஸ்க்டாப்பைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். கூடவே மைக் வைத்த ஹெட்போன் ஒன்றும் வந்தது. நான் படிக்க வாங்கிய கம்ப்யூட்டரை என்னைவிட அவன்தான் கொண்டாடினான். நான் வகுப்பு முடிந்து வரும்போது அவன் வேலைக்குப் போயிருப்பான். அவன் வரும்போது நான் தூங்கியிருப்பேன். ஒரே வாடகை அறையில் இருந்துகொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பதே அபூர்வம். சீட்டு எழுதி வைக்கச் சொன்னேன். அவன் மலையாளப் பள்ளியில் பாதியோடு நின்றவன், தமிழ் எழுத வராது. மலையாளத்தில் எழுதினால் என்ன என்றேன். தங்கச்சிக்கு மலையாளத்தில் எழுதினால் பஞ்சாயத்து ஆபீசுக்கு மனு எழுதுகிற மாதிரி இருக்கிறது என்றான். அதனால் மைக்கில் பேசிப் பதிந்து வைத்தான். அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஒரு தடவைக்கு ஒரு நிமிடம்தான் பதிவாகும். அந்த ஒரு நிமிடத்தில் சாம்பார் எங்கே இருக்கிறது, ஹவுஸ் ஓனர் எப்படி முறைத்தார், ஓட்டலில் யார் எத்தனை பரோட்டா தின்று ஏப்பம் விட்டார் என்று எல்லாம் வரும். ஒவ்வொன்றும் "பாப்பா… பாப்பா" என்றுதான் தொடங்கும். நான் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைப் போட்டுக் கேட்பேன். இரண்டாவது 'பாப்பா'வுக்குப் பிறகு "சொல்லுண்ணே" என்பேன், அறையில் யாரும் இல்லாவிட்டாலும்.

அம்மாவுக்கென்று அவன் பேசி வைத்தது ஒன்றே ஒன்று. அவள் மலையிலிருந்து எங்களோடு இருக்க நிரந்தரமாக வந்த நாள் அது. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நான்தான் பஸ்ஸில் போய் அழைத்து வந்து, உட்கார வைத்து, அதைப் போட்டேன். "யம்மா… யம்மா" என்று குரல் வந்ததும் அம்மா, "என்னய்யா?" என்று எழுந்து நேராக வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். அதற்குள் அவன் இங்கே பெட்டிக்குள் சோறு எங்கே, மாத்திரை எங்கே என்று சொல்லி முடித்துவிட்டான். அவன் திரும்பி வந்ததும் நான் இதைச் சொல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. ஆள் இல்லாத இடத்தில் குரலை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

எனக்குக் கழக்கூட்டத்தில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்து, மூவரும் இந்த பிளாட்டுக்குக் குடிவந்த பிறகுதான் அவன் போனான். ஓட்டலில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்து, மாவு மூட்டைமேல் சற்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஒரு வலி, ஒரு முனகல் என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. டீ வேண்டுமா என்று கேட்கப் போனவர் தோளைத் தொட்டுத்தான் தெரிந்துகொண்டார். சத்தமில்லாமல் போனானே என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு அவன் குரலை நான் அவ்வப்போது போட்டுக் கேட்பேன். அம்மா மட்டும் கேட்க மாட்டாள். குரல் வந்ததுமே பால்கனிக்குப் போய்த் துவைத்து உலர்ந்த துணியை மறுபடி மடிப்பாள். பெற்ற பிள்ளை குரலைக் கேட்க என்ன இப்படி ஒரு வைராக்கியம் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன். அம்மா நிதானமாகச் சொன்னாள்: "ரெண்டு தடவ கூப்புடுதான் பாப்பா. உசுரோட இருக்கவன் மாதிரி. பதில் சொன்னாப் பொய், சொல்லாட்டிப் பாவம். நான் என்ன செய்ய?" அதோடு அவள் இருக்கும்போது குரலைப் போடுவதை விட்டேன். அந்தப் பழைய டெஸ்க்டாப்பை மூலையில் வைத்து, அவன் துண்டைப் போட்டு மூடினோம். வருடங்கள் ஓடின.

போன மழைக்காலத்தில் அது சத்தம் போட ஆரம்பித்தது. ஆன் செய்தால் உள்ளே நகம் வைத்துத் தட்டுவதுபோல் டிக், டிக் என்று வரும், நிற்கும், மறுபடி வரும். நான் வயிற்றுப் பிழைப்புக்கே சாப்ட்வேரைச் சோதிக்கிறவள். ஊராருடைய தவறுகளைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். என் அண்ணன் குரலுக்கு மட்டும் இத்தனை வருடமாக ஒரு நகல் இல்லை. ஒரு பென் டிரைவில் வைத்திருந்தேன், அது எங்கேயோ தொலைந்தது. அதன்பின் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டதுதான். எங்கள் டீமில் இருக்கிற மலையாளி சேச்சியிடம் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "மோளே, அது சாகான் போகுது. இனி சும்மா சும்மா ஆன் பண்ணாதே. டிரைவ் வாங்கிட்டு ஒரே தடவை ஆன் பண்ணு, எல்லாம் எடுத்திரு" என்றாள். இணையத்தில் ஏற்றி வைத்தாலும் போதும், காசும் குறைவு என்றாள். அதை நான் வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி, "அங்கன்னா எங்க? அவன் எந்த ஊர்ல கெடப்பான்?" என்பது. கையால் தொடுகிற மாதிரி ஒன்று வாங்குவது என்று அப்போதுதான் முடிவானது.

இரண்டு நாள் ஆபீஸ் வேலையைக் கெடுத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்தேன். நட்சத்திரம் எத்தனை, திட்டியவர் எத்தனை என்று பார்த்துக் கடைசியில் ஆன்லைனில் ஒன்றை ஆர்டர் செய்தேன். வரவில்லை. ஆள் வந்தார், வீட்டில் யாரும் இல்லை, திரும்பிப் போனார் என்று செய்தி வந்தது. மறுநாளும் அதே செய்தி. எங்கள் வீட்டு காலிங் பெல் பழுது, அதைச் சரிசெய்யாமல் விட்டதும் நான்தான். ஆனால் அம்மா நாள் முழுக்க வீட்டில்தானே இருக்கிறாள்! வீட்டுக்கு வந்து கேட்டால், ஆமாம், யாரோ "சேச்சீ" என்று கூப்பிட்டார்கள் என்றாள். ஒரே ஒரு தடவை. இரண்டாவது தடவைக்காகக் கதவுக்குப் பின்னாலேயே நின்றாளாம். கூப்பிடவில்லையாம், திறக்கவில்லையாம். இரண்டு நாளும் இதே கதை. ஊர் உலகத்தில் எந்த வீட்டிலாவது இப்படி நடக்குமா! எனக்கு வந்த ஆத்திரத்தில், பகலில் பார்சல் கொண்டுவருகிறவன் பேயா, அவனுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தால் என்ன குறைந்துபோகும் என்று கத்தினேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஆர்டர் திரும்பிப் போய்விட்டது. மூலையில் அந்தத் துண்டுக்கு அடியில் டெஸ்க்டாப் அணைந்துதான் கிடந்தது. ஆனாலும் அன்று முழுக்க அந்தப் பக்கமிருந்து டிக், டிக் என்று கேட்பதுபோலவே இருந்தது.

சனிக்கிழமை நேராகக் கடைக்கே போனேன். கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளே தட்டு சுழலும் பழைய ரகம். இன்னொன்று எதுவும் சுழலாத, தீப்பெட்டி மாதிரி சின்ன எஸ்.எஸ்.டி. எவ்வளவு பதிய வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார். கடையில் இருந்ததிலேயே சின்னதுகூட, ஒரு பிடி தேயிலைக்கு ஒரு சாக்கு மாதிரி இருந்தது. எது நல்லது என்று கேட்டேன். சின்னதுதான் வேகம், கீழே விழுந்தாலும் தாங்கும், இப்போது எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். பெட்டியில் போட்டு வருஷக்கணக்கில் தொடாமல் வைப்பதென்றால் மட்டும் பழைய ரகம் மேல் என்றார். நான் இன்னொன்று கேட்டேன், இரண்டும் எப்படிச் சாகும் என்று. "இந்தத் தட்டு உள்ளது போகும்போது பெரும்பாலும் சத்தம் கேட்கும் சேச்சி. நமக்கு ஓடிப்போய் எதையாவது எடுக்கலாம். மற்றது ஒண்ணும் பறயாது. இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது" என்றார். மாவு மூட்டைமேல் உட்கார்ந்த அண்ணன் கண்முன் வந்தான். சத்தம் போட்டுவிட்டுச் சாகிறதையே கொடுங்கள் என்றேன்.

அன்று மாலை நல்ல மழை. துண்டை எடுத்துவிட்டு, புது டிஸ்க்கைக் கம்பியால் இணைத்து, டெஸ்க்டாப்பை ஆன் செய்தேன். டிக், டிக் என்று ஆரம்பித்தது. வாசிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், அந்த இடத்தை வெறுமையாக விட்டு, கிடைத்ததை மட்டும் எடுத்துத் தருகிற நிரல் ஒன்றை ஓட விட்டேன். எனக்காக அவன் பேசியது ஒவ்வொன்றாகச் சிவப்பு எழுத்தில் வந்தது, எடுக்க முடியவில்லை, எடுக்க முடியவில்லை என்று. சாம்பார் வைத்த இடம், ஓனர் முறைத்தது, பரோட்டா ஏப்பம் எல்லாம் போயிற்று. ஒரே ஒரு 'பாப்பா'கூட வரவில்லை. கடைசியில் அம்மாவுடையது மட்டும் வந்தது. உடனே டிக் சத்தம் நின்றது. அதன்பிறகு அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா அடுக்களையில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள்.

நகல் எடுத்தால் திறந்து பார்க்க வேண்டும். என் தொழிலில் முதல் பாடம் அது. டிஸ்க்கை லேப்டாப்பில் செருகினேன். பெட்டி மெல்ல உறுமித் தட்டு சுழல ஆரம்பித்தது. நீளம் ஒரு நிமிடம் என்று காட்டியது, குறையவே இல்லை. அப்பாடா என்று பட்டனை அழுத்தினேன். "யம்மா…" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வாசிக்க முடியாமல் போன இடமெல்லாம் வெறுமையாக நிரப்பப்பட்டிருந்தது. திரையில் கோடு மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. ஆள் பேசாத அறையில் மின்விசிறிச் சத்தமாவது கேட்கும். இதில் அதுகூட இல்லை. கூப்பிட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறவனுடைய அமைதி அது. ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிறுத்தக் கையை நீட்டினேன். அதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"என்னய்யா?"

கரண்டியோடு வந்து நின்றாள். முகத்தில் பயம் இல்லை. பயந்தது நான்தான். அம்மா, அவன் ஒரு தடவைதான் கூப்பிட்டான், நீ பதில் சொல்லிட்டியே என்றேன், குழந்தை மாதிரி. இரண்டு தடவை பார்சல்காரனை வாசலிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பியவள் இவள். அம்மா லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து, நகர்கிற கோட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "இப்பத்தான் பாப்பா சரியாக் கூப்புடுதான். எங்க இருக்கானோ, அங்க இருந்து." பிறகு அந்த மீதி நிமிடம் முழுக்க அவனிடம் பேசினாள். மழை பெய்கிறது என்றாள். காலிங் பெல் பழுதென்றாள். பாப்பா அழுகிறாள் என்றாள். கோடு முடிந்தது, அவளும் நிறுத்தினாள்.

மறுநாள் சாயங்காலம் அவளே வந்து போடச் சொன்னாள். அப்புறம் தினமும். எனக்குள் திகில்தான். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போனவள் கனவில் வந்தாள். அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று ஆபீஸிலிருந்து வேளைக்கு வேளை போன் செய்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள், முழங்கால் வலியைக்கூட மறந்தாள். போகப் போக ஒன்றைக் கவனித்தேன். முதலில் அந்த நிமிடம் முழுக்க அவள் ஒருத்தியே பேசுவாள். பிறகு நடுநடுவே நிறுத்த ஆரம்பித்தாள். நிறுத்துவாள், தலையைச் சாய்த்துக் கேட்பாள், சிரிப்பாள், மறுபடி பேசுவாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக் கேட்பேன். எனக்கு ஒன்றும் கேட்காது. சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, பயத்தைவிட எனக்குப் பொறாமைதான் அதிகம் இருந்தது. வாய் ஓயாமல் என்னைக் கூப்பிட்டவன், எனக்கென்று ஒரு குரல்கூட மிச்சம் வைக்காமல் போய்விட்டானே.

ஒரே நகலை நம்பக் கூடாது, இன்னொன்று வேறு ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று சேச்சி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிஸ்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அதை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராமல் நின்றதில் தாமதமாகிவிட்டது. வழக்கமாக அம்மாவுக்குப் போட்டுக் காட்டுகிற சாயங்கால வேளை அது. படியேறி வந்து, கதவுக்கு முன்னால் நின்று, "யம்மா… யம்மா" என்று கூப்பிட வாயெடுத்தேன். உள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"என்னய்யா?"

நான் கூப்பிடவில்லை. யார் கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லை. பைக்குள் கையை விட்டுப் பெட்டியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. உள்ளே அம்மா பேசினாள், நிறுத்தினாள், சிரித்தாள். ஒரு நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று நான் தட்டாமல் வெளியே நின்றேன். அம்மாவே வந்து கதவைத் திறந்தாள். நான் வாசலில் நிற்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. நான் கேட்டது வேறு. என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா என்று கேட்டேன்.

அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தாள். "ஒன்னயும் தெனம் கூப்புடுதானாம் பாப்பா. நீதான் ரெண்டாவது தடவைக்குக் காத்துட்டு நிக்கியாம்."

அம்மாவுக்கு இப்போது அந்தப் பெட்டி தேவைப்படுவதில்லை. அதன்மேல் கை வைத்துப் பார்ப்பதும் இல்லை. துண்டோடு என்னிடம் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்ததும் நான்தான் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்கிறேன். கம்பியைச் செருகுவதில்லை. அடுக்களையில் அம்மா யாரிடமோ பேசுவது கேட்கிறது. அண்ணன் என்னைக் கூப்பிட்டால் முதல் தடவையிலேயே பதில் சொல்ல என் நாக்கு எழுமா என்று தெரியவில்லை. பெட்டியின்மேல் கையை வைத்திருக்கிறேன். சில்லென்றுதான் இருக்கிறது.